காதுக்குப் பின்னால் ஒரு கொத்து

தொலைபேசியைக் குள்ளி எடுத்திருந்தால் இந்தக் கதையே வேறு மாதிரி போயிருக்கும். "யாரு, நம்ம மிளகா?" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியிருப்பாள். அந்தப் பெண்ணும் வெட்கப்பட்டு வைத்திருப்பாள். நல்ல வேளையோ கெட்ட வேளையோ, குள்ளி அப்போது ஒரு டீச்சரம்மாவின் புருவத்துக்கு மேல் குனிந்து, நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு நின்றாள். பல்லில் நூல் இருக்கும்போது மட்டும்தான் குள்ளி பேசமாட்டாள். அதனால் நெட்டை போய் எடுத்தாள்.

"பார்லருங்களா?"

ஒரு வார்த்தைதான். நெட்டைக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மகளின் எண் அவளிடம் உண்டு; இது அந்த எண் இல்லை, ஏதோ கடையின் எண். ஆனால் குரல் மகளுடையது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"ஆமா, சொல்லுங்க," என்றாள். பெற்ற பெண்ணைப் பார்த்து 'சொல்லுங்க' என்ற வாய்க்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். ஆனால் அந்தப் பக்கம் கஸ்டமர் மாதிரி கேட்டால் இந்தப் பக்கம் பார்லர் மாதிரிதானே பதில் வரும்.

"முடிக்கு கலர் பண்ணணும். என்னென்ன பண்றீங்க?"

"வேர்ல மட்டும்னா முக்கால் மணி நேரம். முழு முடிக்கும்னா ரெண்டு மணி நேரம். நுனிக்கு மட்டும் கொஞ்சம் கொஞ்சமா இறங்கற மாதிரி ஒண்ணு இருக்கு, ஓம்ப்ரேன்னு. மேல கறுப்பா இருக்கும், கீழ போகப் போக வெளுத்துக்கிட்டே வந்து நுனியில தேன் கலரா ஆயிடும். அதுக்கு அஞ்சு மணி நேரம் பிடிக்கும்."

"அஞ்சு மணி நேரமா?"

"நீள முடின்னா இன்னும் கூட ஆகும். ஆனா ஒரு தடவை பண்ணிட்டா அப்புறம் வர வேண்டியதில்ல. வேர் வளர்ந்தாலும் வித்தியாசம் தெரியாது. மத்ததுக்கெல்லாம் மாசாமாசம் வந்தாகணும்."

ஒரு நாளைக்கு நாலு பேரிடம் ஒப்பிக்கிற பாடம். வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது. சொன்ன பிறகுதான், வர வேண்டியதில்லை என்று யாரிடம் சொல்கிறோம் என்பது உறைத்தது.

"அப்ப அதுவே பண்ணிக்கறேன். சனிக்கிழமை. அங்க உயரமா ஒருத்தர் இருப்பாங்கல்ல, அவங்கதான் பண்ணணும்."

"சரிங்க. பதினோரு மணிக்கு வாங்க."

வைத்துவிட்டு நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குள்ளி நூலை வாயிலிருந்து எடுத்தாள்.

"யாரு?"

"கஸ்டமர்."

"கஸ்டமர் பேசினா கண்ணு எதுக்கு கலங்குது? என்கிட்டயே மறைக்கறியா?"

"மிளகு. சனிக்கிழமை வரா. நுனிக்கு கலர் பண்ணிக்க."

டீச்சரம்மா ஒற்றைப் புருவத்தோடு எழுந்து உட்கார்ந்துவிட்டார். அந்தத் தெருவில் விஷயம் தெரியாதவர்கள் கிடையாது.

நெட்டைக்கும் குள்ளிக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர்கள் உண்டு. வாடகைப் பத்திரத்தில் இருக்கின்றன. ஒருத்தி நிலைப்படியில் குனிந்து வருகிறவள், இன்னொருத்தி கஸ்டமரின் தலைக்கு எட்ட மணைப்பலகை போட்டு நிற்கிறவள். சின்ன வயசிலிருந்தே சிநேகிதிகள்; பதினைந்து வருஷமாகச் சேர்ந்தே வேலை. முதலில் வேறொருத்தியின் பார்லரில், பிறகு இந்த வீட்டு முன்னறையில். இரண்டு நாற்காலி, ஒரு தலைகழுவும் தொட்டி, சுவர் நீளக் கண்ணாடி. கண்ணாடிக்கு எதிரே ஒரு திரைச்சீலை. திரைக்கு இந்தப் பக்கம் பார்லர், அந்தப் பக்கம் நெட்டையின் சமையலறையும் படுக்கையறையும். மிளகு என்பது குள்ளி வைத்த பெயர். பிறந்தபோதே சின்னதாய், கறுப்பாய், தொட்டால் வீடு அதிரக் கத்துகிறதாய் இருந்ததாம்.

மிளகின் அப்பா லிஃப்ட் பழுது பார்க்கிறவர். அவரைக் கெட்டவர் ஆக்கிவிட்டால் சொல்கிறவருக்கும் கேட்கிறவருக்கும் சௌகரியம்தான், ஆனால் அது பொய். நல்ல மனிதர். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவருக்கு ஊரின் அந்தக் கோடியில் வேலை மாற்றினார்கள். பஸ்ஸில் இரண்டரை மணி நேரம். பார்லரை மூடிவிட்டு எல்லாரும் போய்விடலாம் என்றார். நெட்டை அப்போதுதான் தொட்டிக்குக் குழாய் போட்டு முடித்திருந்தாள். முடியாது என்றாள். அப்படியென்றால் நீ இங்கேயே இரு என்றார். இரண்டு பேருக்கும் வீம்பு. யார் முதலில் இறங்கி வருவது என்பதிலேயே மாதங்கள் போய், பிரிந்திருப்பதே வழக்கமாகிவிட்டது. பன்னிரண்டு வயசுப் பெண்ணை நடுவில் நிறுத்தி, யாரோடு இருக்கிறாய் என்று கேட்டார்கள். அது பாட்டுக்கு, "அப்பா கூட" என்றது. நெட்டை 'போகாதே' என்று சொல்லவில்லை. அவளை உட்கார வைத்து, நாலு நாளைக்குக் கலையாதபடி இறுக்கமாக இரட்டைப் பின்னல் போட்டு அனுப்பினாள். அவளுக்குத் தெரிந்தது அதுதான்.

முதல் இரண்டு வருஷம் மிளகு ஒரு சனி விட்டு ஒரு சனி வந்தாள். பார்லரில் சனிக்கிழமைதான் கூட்டம் அம்மும். வாசல் பெஞ்சில் பழைய பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "இதோ அஞ்சு நிமிஷம்டா கண்ணு," என்பாள் நெட்டை. அந்த அஞ்சு நிமிஷம் பொழுது சாய்கிற வரைக்கும் நீளும். அதற்குள் அப்பா வந்து வெளியே நிற்பார். பிறகு பரீட்சை என்றாள், காய்ச்சல் என்றாள். பிறகு ஒன்றும் சொல்லாமலே வரவில்லை. பிறந்த நாளைக்கு ஃபோனில் பேசுவார்கள். சாப்பிட்டியா, சாப்பிட்டேன், வேற என்ன, ஒண்ணுமில்ல.

அந்தச் சனிக்கிழமை காலையிலிருந்தே தூறல். நெட்டை முன்பே குறித்திருந்த ஆறு பேரையும் வேறு நாளுக்கு மாற்றிவிட்டாள். ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா சண்டைக்கே வந்தாள். "பொண்ணுக்கு ஒரு நாள்னா விட்டுக்குடுக்க மாட்டீங்களா?" என்று குள்ளி அவளிடம் மல்லுக்கு நின்றாள். யார் வீட்டுப் பெண்ணைச் சொன்னாள் என்று அந்த அம்மாளுக்குப் புரிந்திருக்க நியாயமில்லை.

மணி பதினொன்றுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது குடையை மடக்கிக்கொண்டு ஒரு பெண் உள்ளே வந்தாள். உயரம் அம்மாவைப் போல. நிலைப்படியில் தலையைத் தாழ்த்துகிற விதம்கூட அப்படியே. இருபது வயசு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை என்று போன பிறந்த நாளைக்கு ஃபோனில் சொல்லியிருந்தாள்.

"வாங்க," என்றாள் நெட்டை. பிறகு, "வா," என்றாள்.

"எங்க உக்காரணும்?"

"எங்க வேணா உக்காரு. உன் வீடுதான?" என்று குள்ளி புகுந்தாள். "என்னடி இது, தென்னமரம் மாதிரி வளர்ந்துட்ட? அப்பா தண்ணி ஊத்தினாரா, உரம் போட்டாரா?"

மிளகு சிரித்துவிட்டாள். உட்கார்ந்து கொண்டையை அவிழ்த்தாள். இடுப்பைத் தொட்டுக்கொண்டிருந்தது முடி.

நெட்டை சீப்பை எடுத்தாள். தெரியாதவர்கள் உச்சியிலிருந்து இழுப்பார்கள். சிக்கெல்லாம் கீழே சேர்ந்து உயிர் போகும். அவள் நுனியில் தொடங்கினாள். ஒரு சாண் மேலே இன்னொரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, கீழே மட்டும் வாரி, அது ஒழுங்கானதும் இன்னும் கொஞ்சம் மேலே. இழுப்பது தலைக்குத் தெரியவே தெரியாது.

"வலிக்குதா?"

"இல்ல. நீங்க வாரினா எப்பவுமே வலிக்காது."

நீங்க. போகும்போது 'நீ' என்று சொல்லிக்கொண்டு போன குழந்தை. நெட்டை கண்ணாடியைப் பார்க்காமல் வாரினாள்.

நுனிக்கு நிறம் ஏற்றுவது முதலில் நிறத்தை எடுக்கிற வேலை. ப்ளீச்சைக் கிண்ணத்தில் தயிர்ப் பதத்துக்குக் குழைக்க வேண்டும். முடியை நாலு பாகமாகப் பிரித்து, ஒவ்வொரு பாகத்திலும் விரல் அகலத்துக்கு ஒவ்வொரு கொத்தாக எடுக்க வேண்டும். கொத்தை விறைப்பாகப் பிடித்துக்கொண்டு சீப்பை நடுவிலிருந்து மேலே தள்ளினால் குட்டை முடியெல்லாம் புசுபுசுவென்று ஏறிப் பந்தாக நிற்கும். கையில் மிச்சமிருக்கிற நீள முடிக்கு மட்டும் நுனியில் கனமாகவும் மேலே போகப் போக லேசாகவும் பூசி அலுமினியத் தாளில் மடித்து வைக்க வேண்டும். பந்தாக நின்ற முடி கறுப்பாகவே இருக்கும். பிறகு வாரிவிட்டால் கறுப்பும் தேனும் ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எங்கே மாறுகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த இடம் தெரிந்துவிட்டால் அதற்குப் பெயர் கோடு. இந்த வேலையில் கோடு விழுந்தால் மானம் போன மாதிரி. நெட்டையின் கையில் கோடு விழுந்து யாரும் பார்த்ததில்லை.

பின்பக்கம் முடித்து இடது பக்கம் வந்தாள். மணி ஒன்றாகியிருந்தது. நேரம் அவளுக்குக் கண்முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது. இன்னும் இரண்டரை மணி நேரம், மிஞ்சிப் போனால் மூன்று. அதற்கப்புறம் இந்தப் பெண் குடையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். திரும்பி வரவே தேவையில்லாத வேலையாகப் பார்த்து எடுத்திருக்கிறாள். மாசாமாசம் வருகிற வேலையெல்லாம் வேண்டாமாம்.

இடது காதுக்குப் பின்னால், உள் அடுக்கில் ஒரு கொத்தை எடுத்தாள். சீப்பை மேலே தள்ளவில்லை. பிரஷ்ஷைக் குறுக்கே வைத்து நேராக ஒரே இழுப்பு. தாளை மடித்துவிட்டாள்.

இன்றைக்குத் தெரியாது. இரண்டு வாரத்தில், மேலே பூசுகிற டோனர் என்ற சாயம் வெளுத்ததும் கோடு துருத்திக்கொண்டு நிற்கும். காதுக்குப் பின்னால் என்பதால் கண்ணாடியில் படாது. கூட வேலை செய்கிறவள் யாராவது, "இங்க என்னடி?" என்பாள். சரிபண்ண ஒரு சனிக்கிழமை வந்தாக வேண்டும்.

எதிர் நாற்காலியைத் துடைத்துக்கொண்டிருந்த குள்ளி அதைப் பார்த்துவிட்டாள். "ஒரு நிமிஷம் வா, பால் பொங்குது," என்று நெட்டையைத் திரைக்கு அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போனாள். அடுப்பே பற்றவைக்கவில்லை.

"சீப்ப தள்ளாம பூசற? தூக்கமா?"

"இல்ல."

"கோடு விழும்."

"விழட்டும்."

குள்ளி அவள் முகத்தையே பார்த்தாள். "வேணும்னே பண்றியா? பாவி, பெத்த பொண்ணு தலைலயா?"

"வேற எத சொல்லி அவள கூப்பிடறது? நீயே சொல்லு."

"வாய தொறந்து வாடின்னு கூப்பிடு. காசா பணமா?"

"கூப்பிட்டு அவ வரலைன்னா?" என்றாள் நெட்டை. "இப்ப கூப்பிடலைங்கறதால வரலன்னு நெனச்சுக்கிட்டு இருக்கேன். கூப்பிட்டும் வரலைன்னா அப்புறம் எத நெனச்சுக்கிட்டு இருப்பேன்?"

குள்ளி நிஜமாகவே பாலை எடுத்து அடுப்பில் வைத்தாள்.

கடைசித் தாளும் மடித்தாயிற்று. இனி ப்ளீச் தன் வேலையைப் பார்க்கும். வெயில் நாளென்றால் அரை மணியில் முடிந்துவிடும். ஈரக் காற்றுக்கு முக்கால் மணியாவது ஆகும். நெட்டை மழைக்கு மனசுக்குள் நன்றி சொல்லிக்கொண்டு, "டீ குடிக்கறியா? உள்ள வா," என்றாள்.

மிளகு தலை முழுக்க அலுமினியத் தாளோடு திரையை விலக்கிக்கொண்டு வந்தாள். "இத வச்சு ரேடியோ கேக்கலாம் போல," என்றாள். சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். படுக்கையறையில் அவளுடைய சின்னக் கட்டில் அதே இடத்தில் இருந்தது. மேலே துவைத்து மடித்த துண்டுகள் கழுத்து உயரத்துக்கு.

"என் கட்டில்."

"துண்டு வைக்க எடம் இல்ல. நீ வந்தா எடுத்துடலாம்னு..." நெட்டை முட்டையை உடைத்து வாணலியில் ஊற்றினாள்.

"இது என் கப்பு!" அலமாரியில் கைப்பிடி உடைந்த நீலக் கப். அதில் கழுவிய பிரஷ்கள் நின்றன.

"பிடி போயிடுச்சு. தினம் பிரஷ் எடுக்கும்போது கையில படுமேன்னு வச்சிருக்கேன்."

மிளகு கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை மடியில் வைத்துக்கொண்டாள். சின்ன வயசிலும் அப்படித்தான் சாப்பிடுவாள்.

"வாசல்ல ஒரு பெஞ்சு இருக்குமே?"

"உடைஞ்சுபோச்சு. தூக்கிப் போட்டாச்சு."

"நல்லதாப்போச்சு. எத்தனை சனிக்கிழமை அதுல உக்காந்திருப்பேன்? அதான் இந்த தடவை கஸ்டமரா வந்தேன். கஸ்டமருக்குத்தான நாற்காலி கிடைக்கும்." விளையாட்டாகத்தான் சொன்னாள். வாயில் முட்டையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

நெட்டையால் சிரிக்க முடியவில்லை. தோசைக்கரண்டியைப் பிடித்தபடி அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அந்தப் பெஞ்சு உடைந்தபோது அவள் ஒரு பொட்டு வருத்தப்படவில்லை. இப்போதுதான் வருத்தப்பட்டாள்.

"அப்பா எப்படி இருக்காரு?"

"முட்டை பொரிக்க கத்துக்கிட்டாரு. எட்டு வருஷத்துல அது ஒண்ணுதான். மத்ததெல்லாம் நான்." கொஞ்ச நேரம் மென்றாள். "அன்னைக்கு நான் ஏன் அப்பா கூடன்னு சொன்னேன் தெரியுமா? அவருக்கு சோறுகூட வடிக்கத் தெரியாது. தனியா விட்டா என்ன ஆவாருன்னு பயம். நீங்க எல்லாத்தையும் பாத்துக்குவீங்க, உங்களுக்கு நான் வேணும்னு இல்லன்னு நெனச்சேன். நீங்களும் போகாதன்னு சொல்லல."

"சொல்லல," என்றாள் நெட்டை.

அதற்கு மேல் ஒரு வாக்கியம் வந்தால் போதும், எட்டு வருஷத்துக்கும் சேர்த்து. அதற்குள் மிளகே பேச்சை மாற்றிவிட்டாள். அவளும் அம்மாவுக்குப் பிறந்தவள்தானே.

"திங்கக்கிழமை கடையில பெரிய பந்தயம். எங்க அம்மா பண்ணி விடறாங்க, எங்க கலர் மாறுதுன்னு ஒருத்தராவது கோட்ட காட்டிட்டா எல்லாருக்கும் ஐஸ்கிரீம்னு சொல்லிட்டு வந்திருக்கேன். ஏழு பேரு. அத்தனையும் கண்ணு டெஸ்ட் பண்றவங்க. லென்ஸ் போட்டுப் பாப்பாங்க, விடமாட்டாங்க."

"அப்படியா சொன்ன?"

"எங்க அம்மா கையில கோடே விழாதுன்னு சொன்னேன்."

நெட்டை கரண்டியைக் கீழே வைத்தாள். "எழுந்திரு. தாளப் பாக்கணும்."

"இன்னும் நேரம் இருக்குன்னீங்க?"

"எழுந்திரும்மா."

நாற்காலிக்கு வந்ததும் நேராக இடது காதுக்குப் பின்னால் போனாள். ஈரப் பஞ்சால் விளிம்பைத் துடைத்தாள். சீப்பை மேலே தள்ளினாள். பிரஷ்ஷின் நுனியில் ஒட்டியிருந்த மிச்சத்தை இழை இழையாக மேலே இழுத்துவிட்டாள், ஒன்றை நீளமாக, ஒன்றைக் குட்டையாக. ஒரே ஒரு கொத்துக்கு இருபது நிமிஷம். குள்ளி பக்கத்தில் வந்து, கேட்காமலே வெளிச்சத்துக்கு விளக்கைத் தூக்கிப் பிடித்தாள்.

"அங்க என்ன இவ்வளவு நேரம்?" என்றாள் மிளகு.

"ஒண்ணுமில்ல. இந்த ஒரு கொத்து சரியா எடுக்கல."

கழுவி, டோனர் போட்டு, மறுபடி கழுவி, காயவைக்கும்போது மணி நாலரை. உச்சியில் கறுப்பு, தோளுக்குக் கீழே தேயிலைச் சாயம், இடுப்பில் தேன். குள்ளி கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்துக் காட்டினாள். மிளகு முடியை இப்படியும் அப்படியும் ஆட்டிப் பார்த்தாள்.

"கோடே இல்லம்மா," என்றாள்.

"இருக்காது," என்றாள் நெட்டை.

மிளகு காசுக்குப் பையைத் திறக்கப் போனதும் குள்ளி அடிக்கக் கையை ஓங்கினாள். அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. மழை விட்டிருந்தது. மிளகு குடையை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"அப்ப அடுத்து எப்ப வரணும்?"

சும்மா வாயேன், நாளைக்கே வா, துண்டையெல்லாம் எடுத்துவிடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தாள். பதினைந்து வருஷத்துப் பழக்கம் முந்திக்கொண்டது.

"ஒரு வருஷத்துக்கு கை வைக்க வேண்டாம். அதுக்கப்புறமும் தேவைப்படாது. அவ்வளவு பக்குவமா வந்திருக்கு."

"ஓ," என்றாள் மிளகு. "சரி. வரேன்."

தெரு முனை வரை அந்தத் தேன் நிறம் அசைந்துகொண்டு போனது. நெட்டை நின்று பார்த்தாள்.

"உன்ன மாதிரி மக்கு இந்த உலகத்துல கிடையாது," என்றாள் குள்ளி. "முக்கால் மணி நேரத்த விட்டுட்டு, அஞ்சு மணி நேரம்னதும் அதையே எடுத்த பொண்ணு அது. உனக்கு வெளங்கவே இல்லையா?"

நெட்டை துடைப்பத்தை எடுத்தாள். கூட்டுவதற்கு ஒன்றுமில்லை; முடியை வெட்டவே இல்லையே. இருந்தாலும் கூட்டினாள். அன்றைக்கே கட்டிலில் இருந்த துண்டுகளை எடுத்துச் சமையலறை அலமாரிக்கு மேல் அடுக்கினாள். கட்டில் காலியாகக் கிடந்தது. அது துண்டோடு கிடந்ததைவிட மோசமாக இருந்தது.

திங்கட்கிழமை ஒரு செய்தி வந்தது. 'ஜெயிச்சாச்சு. ஏழு பேராலயும் கண்டுபிடிக்க முடியல.' நெட்டை அதை எத்தனை தடவை படித்தாள் என்பதற்குக் குள்ளி சாட்சி. பதிலுக்கு என்ன எழுதுவது என்று மூன்று நாள் யோசித்தாள். கடைசியில், 'சாப்பிட்டியா' என்று அனுப்பினாள்.

பன்னிரண்டாம் நாள், வியாழக்கிழமை. வெயில் காய்ந்தது. சாயங்காலம் நாலு மணிக்குப் பார்லரில் ஈ காக்கை இல்லை. நெட்டை கிண்ணங்களைக் கழுவிக்கொண்டிருந்தாள். நிலைப்படியில் ஓர் உயரமான தலை தாழ்ந்து உள்ளே வந்தது. முடியை இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள்.

"என்னாச்சும்மா?" நெட்டை கையிலிருந்த கிண்ணத்தைத் தொட்டியிலேயே போட்டாள்.

"ஒரு சின்ன விபத்து." மிளகு யார் முகத்தையும் பார்க்காமல் நாற்காலியில் உட்கார்ந்தாள். "கடையில மேசை ஃபேன்ல முடி மாட்டிக்கிச்சு. கொஞ்சம் போயிடுச்சு."

கொண்டையை அவிழ்த்தாள். வெளியே பார்க்க ஒன்றும் தெரியவில்லை. நெட்டை விரலால் அடுக்கு அடுக்காக விலக்கிக்கொண்டே போனாள். இடது காதுக்குப் பின்னால், உள் அடுக்கில், விரல் அகலத்துக்கு ஒரே ஒரு கொத்து தாடை உயரத்தோடு நின்றது.

ஃபேனில் மாட்டிய தலைகளை நெட்டை பார்த்திருக்கிறாள். வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும், நுனி நுனியாகச் சிலிர்த்து நிற்கும், தலைத்தோல் வாரக்கணக்கில் சிவந்திருக்கும். இந்தக் கொத்தின் நுனி மட்டமாக இருந்தது. நடுவில் ஒரு சின்னப் படி. மொட்டைக் கத்திரிக்கோல், காகிதம் வெட்டுகிறதாக இருக்கும். ஒரே தடவையில் போகாமல் இரண்டு கடி கடித்திருக்கிறது. வெளியே தெரியாத இடமாக, விலக்கிப் பார்த்தால் மட்டும் தெரிகிற இடமாகத் தேடி எடுத்திருக்கிறாள். நெட்டை தன் கோட்டை ஒளித்துவைத்த இடம்.

சீப்பை எடுத்து, வாராமலே கண்ணாடிக்குக் கீழே வைத்துவிட்டாள்.

குள்ளி எட்டிப் பார்த்தாள். அவளுக்குத் தெரியாத வெட்டா? "இது ஃபேன்ல..." என்று ஆரம்பித்தாள். நெட்டை அவள் காலை ஓங்கி மிதித்தாள்.

"ரொம்ப மோசமாம்மா?" என்றாள் மிளகு கண்ணாடியில்.

உள்ளே கிடக்கிற ஒரு கொத்து. அதை யாரும் பார்க்கப்போவதில்லை. சுற்றி இருக்கிற நாலு கொத்தைப் படிப்படியாக வெட்டிச் சேர்த்துவிட்டால் பத்து நிமிஷத்தில் முடிந்துபோகும். மணைப்பலகைமேல் நின்றுகொண்டு குள்ளியே செய்துவிடுவாள்.

"மோசம்தான்," என்றாள் நெட்டை. அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "இது ஒரு நாள்ல சரியாகாது. மாசத்துக்கு அரை அங்குலம்தான் வளரும். வளர வளர நுனிய பாத்து, கலர சேத்து, மத்ததோட ஒட்ட வைக்கணும். மாசத்துக்கு ரெண்டு தடவையாவது வந்தாகணும்."

"எவ்வளவு நாளைக்கு?"

"மூணு வருஷம் ஆகும்."

"மூணு வருஷமா!" மிளகு கணக்குப் பார்க்கிற மாதிரி கண்ணாடியைப் பார்த்தாள். அதில் அம்மாவின் முகம் இருந்தது. இரண்டு பேரும் பார்த்துக்கொண்டார்கள்; பிறகு இரண்டு பேருமே சீப்பைப் பார்த்தார்கள். "சரி. வேற வழி? வரேன்."

"கூட்ட நாள்ல வராத. சனிக்கிழமை..." என்று தொடங்கிய நெட்டை, நிறுத்தி, தலையை ஆட்டிக்கொண்டாள். "இல்ல. சனிக்கிழமையே வா. கூட்டத்த நான் பாத்துக்கறேன். அன்னைக்கு ராத்திரி இங்கயே இரு. கட்டில் காலியாத்தான் இருக்கு."

மிளகு எழுந்தாள். திரையை விலக்கி, குனிந்து, உள்ளே போனாள். பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"அம்மா, முட்டைய எங்க வச்சிருக்க?"

நெட்டை திரைப் பக்கம் போனாள். குள்ளி சொல்ல வேண்டியது ஏகப்பட்டது இருந்தது. தாயைப் போலப் பிள்ளை என்பதில் தொடங்கி, ஃபேன், கத்திரிக்கோல், மூன்று வருஷம் என்று நெஞ்சு வரை முட்டிக்கொண்டு நின்றது. அவள் நாற்காலியில் யாரும் இல்லை. பிடுங்குவதற்கு ஒரு புருவமும் இல்லை. ஆனாலும் நூல்கண்டை எடுத்து, ஒரு முழம் பிரித்து, முனையைப் பல்லில் கடித்துக்கொண்டாள்.